மலைமேல் இவர் மூடிய கேட்

கதவை யாரோ தட்டினார்கள். தட்டினார்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். உண்மையில் இடித்தார்கள்.

காலை நேரம். வேல்ஸ் நாட்டு மலைச்சரிவில், கல்லால் கட்டிய எங்கள் சின்ன வீட்டின் அடுப்பில் நான் ரவை வறுத்துக்கொண்டிருந்தேன். இவர் போய்க் கதவைத் திறந்தார். வாசலில் ஹ்யூ நின்றிருந்தார். எங்களுக்கு மேல்சரிவில் ஆட்டுப்பண்ணை வைத்திருப்பவர், கிட்டத்தட்ட எங்கள் வயதுக்காரர். தொப்பியிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. முழங்கால்வரை சேறு.

மேல் வயல் கேட்டை நேற்று மூடியது யார் என்று கேட்டார்.

அப்போது என் கணவர் சாமுவேலின் முகத்தில் வந்த சந்தோஷத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. மனிதர் நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார். "நான்தான், நான்தான்" என்று இரண்டு தடவை சொன்னார். கேட்டைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, அழகாகச் சுற்றி, கம்பத்திலேயே மாட்டிவிட்டு வந்ததையும் சேர்த்துச் சொன்னார்.

கையில் கரண்டியோடு பின்னால் போய் நின்ற நானும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். நம் ஆள் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார், ஊர்க்காரர் தேடி வந்திருக்கிறார், உப்புமா கொடுக்காமல் அனுப்பக் கூடாது என்று மனசுக்குள் ஓடியது.

ஹ்யூ சிரிக்கவில்லை.

அவர் என்ன சொன்னார் என்பதற்கு முன்னால், நாங்கள் ஏன் திறந்த கேட்டைக் கண்டால் மூடுகிறவர்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றதைப் படித்தால் என் கணவரை விவரம் இல்லாதவர் என்று நினைத்துவிடுவீர்கள். அதற்கு நான் இடம் கொடுக்க மாட்டேன்.

குருத்தோலை தின்ற மாடு

தாம்பரத்தில் எங்கள் வீடு சேலையூர் ஏரிக்குப் பக்கம். எங்கள் தெருவில் மனிதர்களுக்குச் சமமாக மாடுகளும் குடியிருக்கின்றன. காலையில் பால் கறந்ததும் அவிழ்த்துவிட்டால் பொழுது சாய்கிறவரை தெருத்தெருவாகச் சுற்றும். எந்த வீட்டு கேட் திறந்திருக்கிறது என்று நோட்டம் பார்த்துக்கொண்டே வரும். கொஞ்சம் அசந்தால் மல்லிச்செடி காலி.

நாங்கள் குடிவந்த புதிதில், குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள். மறுநாள் பவனிக்காகச் சபைக்கு வாங்கிய ஓலைக்கட்டு முழுவதும் எங்கள் வராந்தாவில் இருந்தது. இவர் ஏதோ ஒரு வீட்டில் ஜெபம் என்று அவசரமாகக் கிளம்பினார். கேட்டை மூடவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை வகுப்பு எடுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது வராந்தாவில் ஒரு கறுப்புப் பசு நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஓலையில் நரம்புதான் மிச்சம்.

பால்காரர் முனுசாமிதான் ஓடிவந்து துரத்தினார். "ஏய், அந்தாண்ட போ, அந்தாண்ட போ" என்று வயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுப்பார். எவ்வளவு பெரிய மாடாக இருந்தாலும் திரும்பிவிடும். அதற்குள் இவரும் வந்துவிட்டார். முனுசாமி இவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா ஃபாதரு, கேட்ட தொறந்து போட்டுகினு பூட்டா மாடு இன்னா பண்ணும்? அது மேல தப்பு இல்ல. தொறந்து கீதுன்னா வான்னு கூப்புடற மாதிரி தான?"

இவர் ஃபாதர் இல்லை, போதகர் என்று எத்தனையோ முறை சொல்லியாயிற்று. முனுசாமிக்கு வெள்ளை அங்கி போட்ட எல்லோரும் ஃபாதர்தான்.

மறுநாள் பிள்ளைகள் வேப்பிலைக் கொத்தைப் பிடித்துக்கொண்டு பவனி வந்தார்கள். தெருவில் பார்த்தவர்கள் ஆடி மாதம் முன்கூட்டியே வந்துவிட்டதா என்று கேட்டார்கள். அன்றிலிருந்து இவருக்கு ஒரு பழக்கம். திறந்து கிடக்கிற கேட்டைத் தாண்டிப் போக முடியாது. பக்கத்து வீடு, எதிர்வீடு, பள்ளிக்கூடம், யாருடைய கேட்டாக இருந்தாலும் சாத்திவிட்டுத்தான் மேலே நடப்பார். எங்கள் பக்கத்தில் அதற்காக இவரை வாழ்த்தாத வீடு கிடையாது.

மழை ஊருக்குக் கை தூக்கியவர்

இவர் ஊழியத்தைத் தொடங்கியது குன்றத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில். சைக்கிள்தான் வாகனம். சாயங்கால ஜெபக்கூட்டத்தை மலைக்கோயில் மணி அடிப்பதற்குள் முடித்துவிட வேண்டும். கிருத்திகை நாளென்றால் நம் ஜனங்களிலேயே பாதிப் பேர் பொரிகடலை வாங்க நழுவிவிடுவார்கள். பிறகு புறநகரில் சபை மாற்றிச் சபை. சைக்கிள் மொபெட் ஆயிற்று. நான் கணக்கு டீச்சராக ஒரே பள்ளியில் இருந்து ஓய்வு பெற்றேன்.

இவரும் ஓய்வு பெற்றதும் கோவிலம்பாக்கத்தில் எங்களுக்கு ஓர் அறை காத்திருந்தது. எங்கள் ஒரே மகன் அங்கே ஃப்ளாட் வாங்கியிருக்கிறான். வேலை சிறுசேரியில். அறைக்கு ஏசி போட்டு, இனி மொபெட்டில் ஏறக் கூடாது என்று அப்பாவுக்குக் கட்டளையும் போட்டுவிட்டான்.

அந்தச் சமயம் எங்கள் மிஷனரிக் குழுவுக்கு ஓர் அழைப்பு வந்தது. வேல்ஸில் ஒரு பள்ளத்தாக்கு. மூன்று சின்ன ஆலயங்கள். போதகர் இல்லை. ஒரு வருஷத்துக்கு யாராவது வர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அழைப்போடு வந்த படத்தை வாலிபப் போதகர்கள் பார்த்தார்கள். மழை, ஆடு, மறுபடியும் மழை. ஒவ்வொருவராகப் படத்தை அடுத்தவரிடம் தள்ளிவிட்டார்கள். என் கணவர் கை தூக்கினார். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் தூக்கினார். நான் தலையசைத்தேன்.

எனக்குப் பெருமையாக இருந்தது. போதகர் மனைவிக்குப் பெருமை ஆகாது என்பார்கள். தாழ்மையைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்களை அடுக்கினால் எங்கள் வீட்டுக் கூரையைத் தொடும். இருந்தாலும் சொல்கிறேன். ஒரு காலத்தில் அந்த நாட்டிலிருந்து நம் நாட்டுக்கு மிஷனரிகள் கப்பலேறி வந்தார்கள். இப்போது சேலையூரிலிருந்து சாமுவேலும் எஸ்தரும் அங்கே போனோம். அந்த விமானத்தில் என்னைவிட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் இருந்திருக்க முடியாது.

பக்கத்தில் நடந்தவர்

போன இடத்தில் பஸ் கிடையாது. கார் ஓட்ட இவருக்குத் தைரியம் வரவில்லை. அதனால் நடந்தோம்.

முதலில் வழக்கம்போல வீடு சந்திப்பு. தாம்பரத்தில் நாங்கள் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் மூன்று வீட்டில் காபி, ஒரு வீட்டில் அழுகை, ஒரு வீட்டில் கல்யாணப் பேச்சு என்று முடிய மதியமாகும். அங்கே கதவைத் திறந்து, புன்னகை செய்து, நல்ல நாளாக இருக்கட்டும் என்று வாழ்த்தி மூடிவிடுவார்கள். ஒரு மாதம் இப்படியே போனது. இவர் சோர்ந்துபோனார்.

பிறகு ஒன்றைக் கவனித்தோம். வாசலில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவர்கள், வழியில் எதிர்ப்பட்டால் கூடவே நடக்கிறார்கள். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை, இரண்டு பேரும் ஒரே மலையைப் பார்த்துக்கொண்டு நடக்கும்போது சொல்லிவிடுகிறார்கள். மகன் பேசுவதில்லை என்பதை, மார்பில் கட்டி இருக்கிறது என்பதை, இரவில் தூக்கம் இல்லை என்பதை. அவர்களுக்கு வீடு சந்திப்பு என்பது வீட்டுக்கு வெளியில்தான். இது புரிந்த பிறகு நாங்கள் நடையாய் நடந்தோம்.

எனக்கு அந்த நடை பிடித்துப்போய்விட்டது. இதில் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? காட்டுக்குள் தரை முழுக்க நீலப் பூக்கள். ஓடைக்கரையில் காட்டுப்பூண்டு. மிதித்தால் ரசம் கொதிக்கிற வாசனை வரும். ஈரக் கம்பளி வாசனையோடு ஆடுகள் கிட்டே வந்து மோந்து பார்க்கும். நம்மூர்க் காஞ்சொறி மாதிரி ஒரு செடி என் புடவைக்குக் கீழே காலைப் பதம் பார்த்தது. அதற்குப் பிறகு புடவைக்குக் கீழே கம்பளிக் காலுறையும் முட்டுவரை ரப்பர் பூட்சும் போட்டுக்கொண்டேன். மகன் அந்தப் படத்தை எல்லோருக்கும் அனுப்பிவிட்டான். ஊழியத்துக்குப் போனீர்களா வாக்கிங் போனீர்களா என்று சபையில் கேலி ஆரம்பமானது அப்போதுதான்.

மதியம் ஏதாவது கல்சுவரில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறப்போம். புளிசாதம். எதிரே பள்ளத்தாக்கு முழுவதும் வெயிலும் நிழலும் மாறி மாறி ஓடும். இவர் சாப்பிட்டுக்கொண்டே பாமாலை முணுமுணுப்பார். சுருதி சேராது. ஆடுகள் கோபித்துக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தாம்பரத்துத் தெருவில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்ததே இல்லை. இவர் முன்னால் போவார், யாராவது கும்பிடுவார்கள், நின்று பேசுவார். நான் பின்னால் பையோடு வருவேன். அது யார் மேலும் குற்றமில்லை, அப்படியே பழகிவிட்டோம். அங்கே வேலிகளைத் தாண்டுவதற்கு மரப்படி வைத்திருப்பார்கள். முதல் படியிலேயே புடவையோடு தடுமாறினேன். இவர் அந்தப் பக்கம் இறங்கி நின்று கை நீட்டினார். பிடித்துக்கொண்டு இறங்கினேன். இறங்கின பிறகும் விடவில்லை. நாலு ஆடுகளைத் தவிர யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

எங்கள் நடைக்கெல்லாம் ஆதாரம் ஒரே ஒரு வழி. வீட்டுக்குப் பின்னால் தொடங்கி, ஹ்யூவின் வயல்கள் வழியாக ஏறி, ஓடையைத் தாண்டி, மற்ற வீடுகளுக்கும் ஆலயங்களுக்கும் போகும். அது பொதுவழி அல்ல. ஹ்யூவின் அப்பா காலத்திலிருந்து அந்தக் குடும்பம் மனசு வைத்து விட்டிருந்த வழி. ஹ்யூ எங்களிடம் அதிகம் பேசியதில்லை. மனைவியை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு ஆலயத்துக்கு வருவதும் இல்லை என்று, ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் மார்கரெட் அம்மா சொல்லியிருந்தார். சாயங்காலம் எங்கள் ஜன்னலிலிருந்து அவரைப் பார்ப்பேன். ஒவ்வொரு கேட்டாகப் போய்த் தாழ்ப்பாளைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். தன் கையால் மூடிய கேட்டாக இருந்தாலும் ஒரு தடவை ஆட்டிப் பார்க்காமல் போக மாட்டார்.

செத்துப்போன குட்டி

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

மேல் வயல் கேட்டை ஹ்யூ வேண்டுமென்றேதான் திறந்து கயிற்றால் கட்டி வைத்திருந்தார். குட்டி போட்ட ஆடுகள் இரண்டு வயலுக்கும் நடுவே போய்வர வேண்டும் என்பதற்காக. அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சட்டம் ஒன்று உண்டு. கேட்டை எப்படிப் பார்த்தாயோ அப்படியே விட்டுவிட்டுப் போ. திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி. அவ்வளவு எளிய விஷயம் என்பதாலேயே யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

தாம்பரத்துக்காரர் கண்ணுக்கு அது, கயிறு கட்டியிருந்தாலும், யாரோ மூட மறந்துவிட்டுப் போன கேட். மூடினார். தாய்கள் மேலே, குட்டிகள் சில கீழே. இரவெல்லாம் குளிர்மழை. காலையில் ஹ்யூ வந்து பார்த்தபோது கேட்டுக்குக் கீழே ஒரு குட்டி செத்துக் கிடந்தது. அந்தப் பக்கம் அதன் தாய் நின்றுகொண்டிருந்தது.

இதை ஹ்யூ சத்தம் போடாமல்தான் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"இந்த வழியில் எங்கள் குடும்பம் யாரையும் மறித்ததில்லை. நீங்கள் இனி வர வேண்டாம். என் கேட் எதையும் தொட வேண்டாம்."

அவ்வளவுதான். வாசல்படி இறங்கிப் போய்விட்டார். அடுப்பில் ரவை கருகிவிட்டது.

அன்று இவர் சாப்பிடவில்லை. "ஒரு குட்டி செத்துப்போச்சு எஸ்தர்" என்று மட்டும் சாயங்காலம் சொன்னார். மறுநாள் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு ஹ்யூவின் வீட்டுக்குப் போனோம். இவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். நம் ஊரில் மாடு மேய்வதால் வந்த பழக்கம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஹ்யூ தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அந்தத் தலையாட்டலுக்கு வழி திறந்தது என்று அர்த்தமில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்தது.

தார்ச்சாலையில்

மிச்சமிருந்தது தார்ச்சாலை மட்டும்தான். இரண்டு பக்கமும் ஆள் உயரப் புதர்வேலி. ஒதுங்க இடமில்லை. பால் ஏற்றும் டேங்கர் லாரி வளைவில் திரும்பினால் நாங்கள் புதரோடு புதராக ஒட்டிக்கொள்ள வேண்டும். ஓடைக்கு அந்தப் பக்கத்து வீடுகளுக்குப் போவது நின்றுபோனது. கூடவே நடந்து பேசியவர்கள், இரண்டு மூன்று வாரம் எங்களைக் காணாமல், மறுபடி வாசலில் புன்னகைக்கிறவர்களாக மாறிப்போனார்கள்.

வீடியோவில் மகன் பார்த்துவிட்டான். நான் முந்தானையில் ஒட்டியிருந்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் கோபப்படாமல்தான் பேசினான். "ரோட்ல நடந்து ஏதாவது ஆச்சுன்னா நான் சிறுசேரியிலிருந்து என்னப்பா பண்ணுவேன்? போதும், வந்துடுங்க." மார்கரெட் அம்மாவும் அதையே சுற்றி வளைத்துச் சொன்னார். நடக்க வழியில்லை என்றால் தங்குவதில் பயனில்லை, குளிர் தொடங்குவதற்குள் திரும்பிவிடலாம் என்று தாம்பரத்துக் குழுவும் தெரிவித்தது.

இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த வழியையே பார்ப்பார். குன்றத்தூரில் சைக்கிளில் தொடங்கிய ஊழியம் ஒரு செத்த குட்டியோடு முடிந்துவிடக் கூடாது என்று அவர் வாய் திறந்து சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா? எனக்கு அந்த ஹ்யூ மேல் ஆத்திரமாக வந்தது. அந்தக் குட்டியை நினைத்தால் ஆத்திரம் அடங்கியது. பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்தேன்.

அந்தாண்ட போ

ஒரு மதியம் நல்ல மழை. மார்கரெட் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சாலை வழியாகப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வளைவைத் தாண்டியதும் இவர் நின்றுவிட்டார். சாலை முழுக்க ஆடு.

ஹ்யூவின் ஆடுகள்தான், முதுகில் அவருடைய அடையாள நீலச்சாயம். சாலையோர கேட் அகலமாகத் திறந்து கிடந்தது. அன்று காலை பார்த்தபோது மூடியிருந்தது. நடுவில் போன சுற்றுலாக்காரர்கள் யாரோ திறந்து போட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். ஆடுகள் சாலை நடுவில் புல்லைத் தேடிக்கொண்டிருந்தன. தூரத்தில் டேங்கர் லாரி மலையேறுகிற முனகல் கேட்டது.

என்ன செய்கிறேன் என்று யோசிக்க நேரமில்லை. குடையை மடக்கினேன். புடவையைத் தூக்கிச் செருகினேன். முனுசாமியை நினைத்துக்கொண்டு வயிற்றிலிருந்து குரலெடுத்தேன்.

"ஏய், அந்தாண்ட போ! அந்தாண்ட போ!"

கணக்கு டீச்சர் குரல், கடைசி பெஞ்சுவரை கேட்கும். வேல்ஸ் ஆடுகள் திகைத்துப்போய்த் தலை நிமிர்ந்தன. ஒன்று திரும்பியது. அதன் பின்னால் மற்றவை. இவர் மறுபக்கம் போய்க் கைகளை விரித்துக்கொண்டு, "உள்ள போங்க, கொஞ்சம் உள்ள போங்க" என்று சபையாரை உட்கார வைப்பதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்டுக்கும் மரியாதை கொடுக்கிற மனிதர். கடைசி ஆடு உள்ளே போகவும் டேங்கர் வளைவில் திரும்பவும் சரியாக இருந்தது. ஓட்டுநர் என்னையும் என் குடையையும் பார்த்தபடியே போனார்.

"சாத்துங்க" என்றேன்.

இவர் சாத்தவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தொட வேண்டாம்னு சொல்லியிருக்கார் எஸ்தர்."

எனக்கு வந்ததே கோபம். ஊரெல்லாம் கேட்டைச் சாத்துகிற மனுஷன், சாத்த வேண்டிய நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாரே. நான் சாத்துகிறேன் என்று போனேன். நமக்கு இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொன்னார் என்று என்னையும் விடவில்லை. அப்படியென்றால் ஆடு மறுபடி வெளியே வராதா என்று கேட்டேன். வராது என்றார்.

போய்த் திறந்த கேட்டின் நடுவில், இரண்டு கம்பத்துக்கும் மத்தியில், கைகளை விரித்துக்கொண்டு நின்றார்.

என் ஃபோனில் சிக்னல் இல்லை. சாலை வழியாக ஹ்யூவின் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். அவர் இல்லை. கொட்டகையில் குரல் கொடுத்தேன், பதில் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் இவர் அதே இடத்தில் நிற்கிறார். மழை இன்னும் பெரிதாகியிருந்தது. ஆடுகள் அரைவட்டமாக நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு பெரிய கிடா கிட்டே வந்து முட்டிப் பார்த்தது. "கொஞ்சம் பொறுங்க, அவர் வந்துடுவார்" என்று அதனிடம் சொன்னார். நான் பக்கத்தில் போய் நின்றேன். கேட்டின் ஒரு பாதி அவர், ஒரு பாதி நான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் பூட்சுக்குள் தண்ணீர் நிரம்பிவிட்டது, அவருக்குப் பல் தந்தியடித்தது.

கடைசியில் நாலு சக்கர மோட்டார் வண்டியில், பின்னால் நாயை உட்கார வைத்துக்கொண்டு, ஹ்யூ வந்தார். இறங்கினார். சாலையில் கிடந்த ஆட்டுப் புழுக்கையைப் பார்த்தார். உள்ளே ஆடுகளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். என்ன நடந்தது என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"கேட்டை மூடியிருக்கலாமே?" என்றார்.

"நீங்கள் தொட வேண்டாம் என்றீர்கள்" என்றார் இவர்.

அதில் குத்தல் இல்லை. என் கணவருக்குக் குத்தலாகப் பேச வராது, அதற்குத்தான் நான் இருக்கிறேன். ஒருவர் தன் பொருளைத் தொடாதே என்றால் தொடக் கூடாது. ஒருவருடைய ஆடு சாலைக்குப் போகவும் விடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் மழையில் நிற்க வேண்டியதுதான். இவர் கணக்கு அவ்வளவு நேர்.

ஹ்யூ தொப்பியைக் கழற்றினார். தலைமுடி மழையில் ஒட்டிக்கொள்ளும்வரை கையிலேயே வைத்திருந்தார். பிறகு நகர்ந்து இவருக்கு இடம் விட்டார்.

"மூடுங்கள். நீங்களே மூடுங்கள்" என்றார்.

இவர் மூடினார். குளிரில் விரல் மடங்கவில்லை. தாழ்ப்பாளைப் போட இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஹ்யூ வண்டியைக் கிளப்பிக்கொண்டு, எதிர் வயலைக் காட்டி, வழி அந்தப் பக்கம் என்று எங்களுக்கே தெரியாததுபோலச் சொல்லிவிட்டுப் போனார். அன்று வீட்டுக்கு வயல் வழியாகத்தான் போனோம். துடைத்து வைத்த பெட்டியை மறுபடி கட்டிலடியில் தள்ளினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இவர் பிரசங்கத்தில் இதைச் சொல்லவில்லை. பொருத்தமான வசனம் ஒன்று என் நாக்கு நுனிவரை வந்து நின்றது. இவர் வாயிலிருந்து வரவே இல்லை. ஊரெல்லாம் சொன்னது ஹ்யூதான். அதன்பின் பல நாள் அவரும் எங்கள் கூட நடந்தார். தன் மனைவியைப் பற்றிச் சொன்னார். ஆலயத்துக்கு வரவில்லை. நாங்கள் வா என்று சொல்லவும் இல்லை. நான் ஆடு விரட்டிய கதையைக் கேட்டபின், நாயிடம் மட்டும் ஒரு நாள், என் முகத்தைப் பார்க்காமல், "அந்தாண்ட" என்று சொல்லிப் பார்த்தார். நாய் போனது.

கணக்குக் கேட்ட கூட்டம்

வருஷம் முடிந்து தாம்பரம் திரும்பினோம். எங்களை மறுபடி அனுப்புவதா வேண்டாமா என்று தீர்மானிக்க மிஷனரிக் குழு கூடியது. சபை மண்டபம், மின்விசிறிச் சத்தம், தட்டில் சமோசா. நான் பெண்கள் பக்கம் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

செயலாளர் நல்லவர்தான். படங்கள் எல்லாம் பார்த்தோம், இயற்கைக் காட்சி பிரமாதம் என்றார். சிரிப்பு எழுந்தது. பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டார். "ஐயா, புதுசா எத்தனை பேர் சபையில சேர்ந்தாங்க?"

இவர் எழுந்து நின்றார்.

"யாரும் சேரலைங்க. ஒருத்தர் அவரோட கேட்டை என்னை மூடச் சொன்னார்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மிச்சம் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை.  செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் கணவருக்கு வயசாகிவிட்டது என்று அவர் நினைப்பது துடைத்த விதத்திலேயே எனக்குத் தெரிந்தது.

அந்தக் கூட்டத்தில் நான் ஒரு நாளும் பேசியதில்லை. எழுந்தேன். குட்டி செத்ததிலிருந்து மழையில் நின்றதுவரை எல்லாவற்றையும், வகுப்பில் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னேன். சமோசா எடுத்த கைகள் தட்டுக்கு மேலேயே நின்றன. கடைசியில் இதைச் சொன்னேன்.

"தன் கையால மூடின கேட்டையே ஆட்டிப் பாக்காம போகாத மனுஷர் அந்த ஹ்யூ. இவர் மூடின கேட்டை ஆட்டிப் பாக்கலை. திரும்பிக்கூடப் பாக்காம வண்டி எடுத்துட்டுப் போனார். நான் பாத்துக்கிட்டே நின்னேன்."

உட்கார்ந்தேன்.  இன்னொரு வருஷம் போய்வரட்டும் என்று முடிவாயிற்று. மகன் பெருமூச்சு விட்டுவிட்டு, இருவருக்கும் நல்ல மழைக்கோட்டாக வாங்கித் தருகிறேன் என்றான்.

வெளியே வந்தோம். சபையார் எல்லோரும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். வழக்கம்போல இவர் முன்னால் போகட்டும் என்று நான் பையோடு ஒதுங்கி நின்றேன். இவர் போகவில்லை. ஆலய கேட்டை மூடித் தாழ் போட்டார். வந்து பையை வாங்கிக்கொண்டார். ஆட்டோவும் பஸ்ஸும் பாய்கிற அந்தத் தாம்பரத்துச் சாலையைக் கடக்க, அத்தனை பேர் பார்க்க, என் பக்கமாகக் கையை நீட்டினார்.

பிடித்துக்கொண்டேன். எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்த பிறகும் இரண்டு பேரும் விடவில்லை.